ஏட்டில் ஏறாத பத்தாவது குறை

வில்மொரே
1789 ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு

அன்பு மகள் பெர்ரினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி பிளேஸும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம். நீயும் பாரிசில் வேளைக்குச் சாப்பிட்டு, மங்கல் வெளிச்சத்தில் புத்தகம் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் மாதா சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். சுகம் என்று எழுதிக் கை பழகிவிட்டது, மனது சுகமாக இல்லை பிள்ளை. அதனால்தான் இன்று பூசை முடிந்து வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பிழை செய்துவிட்டேன். பிழை என்று எழுதுவதே எனக்கு நானே காட்டிக்கொள்ளும் சலுகைதான், முழுவதும் படித்துவிட்டு அதற்கு என்ன பெயரோ அதை நீயே வைத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம், இல்லாவிட்டால் அம்மா என்னை விடமாட்டாள். அவளுடைய இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்தப் பனியில் நம் வாசல் வாதுமை மரம் ஒரு நாள் காலையில் துப்பாக்கி சுட்டது போலச் சத்தம் போட்டு நடுவில் பிளந்துவிட்டது, அதை வெட்டி விறகாக்கியதால்தான் பிப்ரவரியைத் தாண்டினோம். போன ஜூலையில் கல்மழை அடித்துக் கோதுமை போனது உனக்குத் தெரியும். இப்போது பார்லியும் தவிடும் கலந்த ரொட்டிதான், பல்லில் மணல் போல நெருடுகிறது. ஆடு மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று அம்மா சொல்கிறாள், ரொட்டிக் கடை வாசலில் கூட்டம் சேர்ந்து சத்தம் போட்டால் அந்தப் பக்கம் போகாதே என்று நான் சொல்கிறேன். நீ போவாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நாற்பது நாள் தவசுக்காலத்துக்கு முன்னால் நீ அனுப்பிய சிறுநூல் வண்டிக்காரன் மூலம் கிடைத்தது. நீயே தைத்த நூல் என்று அம்மா முதுகுத் தையலை மட்டும் தடவித் தடவிப் பார்த்தாள். அச்சகத்தில் உன் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் இதைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசுகிறார்கள், மனிதனுக்கு உரிமை என்பது ராஜா கொடுப்பதில்லை, பிறக்கும்போதே கூட வருவது, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் உண்டு, ஆளுகிறவன் செய்ய வேண்டியதெல்லாம் அதைப் பிடுங்காமல் இருப்பதுதான் என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். முப்பது வருடமாக இந்தப் பங்குக் கோவிலில் உபதேசியாராக இருந்து, மணியடித்து, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுத்தவன் நான். பிறக்கும்போது கூட வருவது ஜென்மப் பாவம் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வேறு ஒன்றும் வருகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்படின்னா நம்ம பிளேஸுக்கும் வந்திருக்கணுமே, அவன் சட்டைப் பைல கவணும் கல்லும்தான் கிடக்கு, அதை எங்க போட்டுத் தொலைச்சான்னு கேளுங்க என்றாள். சிரித்தோம். அந்தக் கவண் பத்து நாளில் எங்களை அழவைக்கும் என்று தெரியாது.

நம் பிரபு எட்டு வருடமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை, வெர்சாயில் ராஜாவின் அரண்மனையிலேயே இருக்கிறார். அவர் வராவிட்டாலும் அவருடைய புறாக்கள் தினமும் வருகின்றன. புறா மாடம் வைத்துக்கொள்ள அவருக்கு மட்டும்தான் அனுமதி, அதில் ஒன்றைத் தொட்டால் நமக்குச் சாட்டையடி, இது உனக்குத் தெரிந்ததுதான். மற்ற வருடங்களில் அவை தின்றது போக நமக்கும் மிஞ்சியது. இந்த வருடம் விதை என்பதே எங்கள் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது. பிப்ரவரிக் கடைசியில் பார்லி விதைத்தோம், மறுநாள் காலையில் வயல் முழுக்கச் சாம்பல் நிறமாக அசைந்துகொண்டிருந்தது. நம் வயலை அடுத்து விதவை தெனீஸின் துண்டு நிலம் இருக்கிறதல்லவா, அவள் புருஷன் போன பிறகு தலைக்கட்டு வரி அவள் பெயரில்தான் வருகிறது. அவள் மூன்று நாள் வாணலியைத் தட்டிக்கொண்டு வயலில் நின்றாள். மூன்றாம் நாள் கை ஓய்ந்து வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அதைப் பிளேஸ் பார்த்துவிட்டான். கவணை எடுத்து இரண்டு புறாவை அடித்து, ஒன்றை அவள் மடியில் போட்டுவிட்டு வரும்போது பிரபுவின் காவலாள் பிடித்துக்கொண்டான். மற்றொரு புறா பிளேஸின் சட்டைக்குள் இன்னும் சூடாக இருந்ததாம்.

மாளிகையின் பத்தாயத்துக்கு அடியில் இருக்கும் அறையில் அவனை அடைத்தார்கள். நான் ரொட்டி கொண்டுபோனபோது கம்பி வழியாகப் பார்த்தேன், ஈரத்தில் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. அப்பா, நான் அவங்க வீட்டுக்குள்ள போயா அடிச்சேன், நம்ம நிலத்துல வச்சுத்தானே அடிச்சேன் என்று கேட்டான். பேசாமல் இரு என்று சொல்லிவிட்டு வந்தேன். பிரபுவின் நீதிபதி தெலோர்ம்தான் விசாரிக்க வேண்டும். ஊர் நடுவில் சாட்டையடியும் அதற்குப் பிறகு மூன்று வருட ஊர் விலக்கும் என்று காவலாள் பேச்சுவாக்கில் சொன்னான். பத்தொன்பது வயதுப் பையனை இந்தப் பஞ்சத்தில் ஊரை விட்டுத் துரத்தினால் அவன் எந்தச் சாலையோரத்தில் கிடப்பான் என்று அன்று முழுக்க அம்மா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் ராஜாவின் உத்தரவு வந்தது. ராஜா பெரிய சபையைக் கூட்டுகிறார், அதற்கு முன்னால் ஒவ்வொரு பங்கு ஊரும் தன் குறைகளை ஒரு ஏட்டில் எழுதி அனுப்ப வேண்டும், எழுதுகிறவர்கள் எதற்கும் பயப்படத் தேவையில்லை என்று சாமியார் பிரசங்கத்தின் நடுவில் வாசித்தார். வெளியே வந்ததும் ஆலைக்காரன் பாஸ்தியன் என் கையைப் பிடித்துக்கொண்டு, உபதேசியாரே, ராஜா நம்மகிட்டயா கேக்குறாரு, நல்லா வாசிச்சுப் பாத்தாரா சாமி என்றான். அவனுடைய அப்பனும் தாத்தாவும் இந்த ஊர்க் காற்றாலையில் மாவு அரைத்துச் செத்தவர்கள், என்ன குறை என்று அவர்களை ஒருவரும் கேட்டதில்லை. எல்லாருடைய முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது பெர்ரின். நீ எழுதியதை அப்போது கொஞ்சம் நம்பினேன்.

கூட்டம் மார்ச் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு கோவிலுக்குள்ளேயே. தலைமை வகிப்பது சட்டப்படி நீதிபதி தெலோர்ம். அவருடைய எழுத்தர் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்ததால், உபதேசியார் எழுதட்டும் என்றார்கள். பூசைக்கு முன்னால் சாமியாரின் உடைமாற்றும் அறையில் நான் மெழுகுத்திரி எடுக்கப் போனபோது நீதிபதி உள்ளே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். உம்ம மகன் இளரத்தம், ஒரு தடவை மன்னிச்சு விடலாம், பாஸ்காத் திருநாளுக்கு வீட்டுல இருப்பான், ஆனா இன்னைக்கு எழுதுற ஏட்டுல பிரபுவோட மனசு நோகுற மாதிரி புறா மாடம் அது இதுன்னு ஏறிட்டா எனக்கும் கை கட்டின மாதிரி ஆயிரும் பாரும் என்றார். அதட்டவில்லை. மெழுகுத்திரியை என் கையிலிருந்து வாங்கி அவரே பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

குறை எழுதுவது எப்படி என்று எங்களுக்கு என்ன தெரியும். பட்டணத்து வக்கீல் யாரோ தயாரித்த மாதிரி ஏடு ஒன்று ஊர் ஊராகக் கைமாறி எங்களுக்கும் வந்திருந்தது, எங்கேயோ கடற்கரைப் பக்கத்தில் புறப்பட்டது போலிருக்கிறது. அதை நான் உரக்கப் படிக்க, வேண்டியதை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததைத் தள்ளலாம் என்று ஏற்பாடு. உப்பு வரி என்றதும் எல்லாரும் எழுது எழுது என்றார்கள். சாலை போடும் இலவச வேலை, பட்டாளத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் பிடிப்பது, பிரபுக்கள் வரி கட்டாதது, எல்லாம் ஏறியது. கடற்கரையில் பாசி பொறுக்குவதற்கு வரி கூடாது என்று ஒன்றைப் படித்தேன். கொல்லன் ஃபிர்மன் எழுந்து, உபதேசியாரே, கடலை நம்ம கொள்ளுத் தாத்தனும் பாத்ததில்ல, கிணத்துப் பாசிக்கு வரி போட்டா சொல்லும் என்றான். கோவில் என்பதையும் மறந்து சிரித்தார்கள், நீதிபதியும் சிரித்தார். அதைத் தள்ளினோம். ஒன்பது குறைகள் ஆயின.

அப்போது தெனீஸ் எழுந்தாள். பெண் பேசலாமா என்று ஒருவன் முனகினான், வரி கட்டும்போது மட்டும் நான் ஆம்பளையாக்கும் என்றாள், அவன் அடங்கிவிட்டான். அவள் பீடத்தையும் பார்க்கவில்லை, நீதிபதியையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். எங்க விதையை எங்க நிலத்துல நாங்க காப்பாத்திக்கிட்டா அது குத்தமாகக் கூடாது, விதைக்கிற காலத்துல புறாவை அடைச்சு வைக்கணும், எழுதும் உபதேசியாரே, எனக்காக ஒரு பிள்ளை உள்ள கிடக்கு என்றாள். பிறகு பாஸ்தியன் ஆமா எழுதும் என்றான். அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும். பயந்துகொண்டே, காலைப் பார்த்துக்கொண்டே, ஆனால் எல்லாரும். நீதிபதி என் பக்கம் திரும்பி, சபை சொல்றதை எழுதும் என்று சாதாரணமாகச் சொன்னார்.

எழுதினேன். இறகு நகர வேண்டுமே, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. என் இடது பக்கத்தில் அந்த மாதிரி ஏடு திறந்தபடி இருந்தது. அதைப் பார்த்துக் கடற்பாசியை எழுதினேன். பத்தாவது என்று எண் போட்டு, கடற்கரையில் பாசி பொறுக்க வரி கூடாது என்று, நல்ல கையெழுத்தில் எழுதினேன். முடிந்ததும் ஏட்டை முழுக்க உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. ஒன்பதும் எழுதியபடி படித்தேன். பத்தாவதுக்கு வந்ததும் என் கண் பாசியில் இருந்தது, வாய் புறாவைப் படித்தது. தெனீஸ் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எழுதத் தெரிந்த நாலு பேரும் ஏட்டைத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்திட்டார்கள், உபதேசியார் எழுதியதைச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்கள். எழுதத் தெரியாத மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துக்குப் பதில் சிலுவை போலக் கோடு போட்டார்கள். தெனீஸ் தன் கோட்டை மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். கடைசியாக நீதிபதி ஏட்டை வாங்கி, பத்தாவதை என் கண்ணெதிரே படித்து, மேற்கொண்டு யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி வெற்றிடத்தில் குறுக்கே கோடிழுத்துக் கையெழுத்திட்டார். புதன்கிழமை பிளேஸ் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவன் வந்தது சந்தோஷம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அம்மா அவன் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஊர் நினைத்தது வேறு. புறாவை ஏட்டில் எழுதியதால்தான் நீதிபதி பயந்துபோய்ப் பையனை விட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ராஜா கேட்டார், நாம் சொன்னோம், நடந்தது, பார்த்தாயா என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். தெனீஸ் தன்னிடம் இருக்கும் இரண்டு கோழியின் முட்டையைச் சேர்த்து வைத்து ஏழு முட்டை கொண்டுவந்தாள். இந்தப் பஞ்சத்தில் ஏழு முட்டை. நீரு பயப்படாம எழுதினீரு, பெத்த பிள்ளை உள்ள இருக்கும்போது வேற யாரு எழுதுவா என்றாள். அம்மா வாங்கிக்கொண்டாள், அவளுக்கும் அப்போது எதுவும் தெரியாது. பிளேஸ் சந்தையில் தன் சேக்காளிகளிடம், எங்க அப்பா எழுதுன ஒரு வரிதான் என்னைய வெளிய இழுத்துச்சு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த முட்டையை நான் தொடவில்லை.

உன் சிறுநூலை அந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று அதில் பெரிய பெரிய ஆட்கள் என்னென்னவோ சொல்கிறார்கள், கடவுள் என்கிறார் ஒருவர், இயற்கை என்கிறார் ஒருவர், பழைய காலத்து ஒப்பந்தம் என்கிறார் ஒருவர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் கெட்டவன் இல்லை, இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் உபதேசியார் நல்ல மனுஷன் என்பார்கள். நீதிபதியும் அவர் வீட்டில் நல்ல தகப்பன்தான். நாங்கள் இரண்டு நல்லவர்கள் சேர்ந்துதான் நாற்பது வீட்டுக்காரர்களின் வாயிலிருந்து பேச்சைத் திருடினோம், அவர்கள் கண்ணெதிரே, கோவிலுக்குள்ளே. ஆகவே நல்லவர்களின் தயவில் தொங்கிக்கொண்டிருப்பது எதுவும் உரிமை ஆகாது. நல்லவனுக்கும் ஒரு மகன் இருப்பான், ஒரு பயம் இருக்கும், அன்றைக்கு அவன் கை வேறு எதையாவது எழுதும். நல்லவனாலும் கெட்டவனாலும் தொட முடியாத இடத்தில் இருந்தால்தான் அது உரிமை. உன் நூலில் இது இருக்கிறதா என்று தேடினேன், இருக்கலாம், எனக்குக் கிடைக்கவில்லை.

ஏட்டைப் பட்டணத்துக்குக் கொண்டுபோக ஊர் என்னையும் பாஸ்தியனையும் தேர்ந்தெடுத்தது. பதினைந்தாம் தேதி காலையில் கிளம்பி இருட்டும் முன் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக ஏட்டை அவன்தான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான், தூறல் போட்டபோது மேல் அங்கியைக் கழற்றி அதன் மேல் சுற்றினான். மறுநாள் ஒரு பெரிய மடத்துக் கூடத்தில் இருநூறு ஊர்களிலிருந்து ஆட்கள் கூடியிருந்தோம். எல்லா ஏட்டையும் சேர்த்து ஒரே ஏடாக்கிச் சபைக்கு அனுப்புவார்களாம். ஓர் இளம் வக்கீல் மேசை மேல் ஏறி நின்று, புறா மாடத்தைப் பற்றி எழுதிய ஊர்கள் எவை, கை தூக்குங்கள் என்றான். கூடம் முழுக்கக் கை. நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம் பெர்ரின், நாடு முழுக்க இந்தப் பறவைதான் தின்றிருக்கிறது. பாஸ்தியன் கை தூக்கியதோடு நில்லாமல், எங்க ஊரு வில்மொரே, பத்தாவதுல இருக்கு என்று கத்தினான். வக்கீல் ஏட்டை வாங்கிப் புரட்டினான். பத்தாவது கடற்பாசி என்று போட்டிருக்கே, வில்மொரேவுல எப்பய்யா கடல் வந்துச்சு என்று உரக்கக் கேட்டான். கூடமே சிரித்தது.

பாஸ்தியன் சிரிக்கவில்லை. அந்தப் பாசியை நாங்கள் சிரித்துத் தள்ளியது அவனுக்கு நினைவிருந்தது. என்னைப் பார்த்தான். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், இரண்டும் வாய் வரை வந்தன. நான்தான் எழுதலை, வேணும்னுதான் எழுதலை, இப்ப சேத்துக்கிடுங்க என்று வக்கீலிடம் சொன்னேன். அவன் நீதிபதி இழுத்த குறுக்குக் கோட்டைக் காட்டினான், சேர்க்க வழியில்லை என்றான். அதனால ஒண்ணும் குறைஞ்சுறாது பெரியவரே, நூத்து நாப்பது ஊரு எழுதியிருக்கு, உங்க ஊரு இல்லாமலே இது போயிரும் என்று என் தோளில் தட்டினான். ஆறுதலாகத்தான் சொன்னான். உங்கள் ஊர் இல்லாமலே போய்விடும் என்பதை விடக் கொடுமையாக ஒன்றை அவன் சொல்லியிருக்க முடியாது.

திரும்பி வரும்போது பாஸ்தியன் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தான். ஓர் இடத்தில் ரொட்டியை எடுத்துப் பிட்டு எனக்கும் கொடுத்தான், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஊர்க் கோபுரம் தெரிய ஆரம்பித்ததும்தான் சொன்னான். மகனுக்காகப் பண்ணினீரு, எனக்கு மகன் இருந்தா நானும் பண்ணியிருப்பேனோ என்னமோ, அதை நான் குத்தம் சொல்லல, ஆனா என் கோட்டை எதுக்குக் கீழ போட்டேன்னு எனக்குத் தெரியணும்ல உபதேசியாரே, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே உம்மைய நம்பிப் போட்டேன் என்றான். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியது நீரு என்று சொல்லிவிட்டு ஆலைப் பக்கம் திரும்பிவிட்டான்.

பதினெட்டு நாள் சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு மணியடித்தேன், இரண்டு ஞாயிறும் கூட்டம் கலையும் வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சொல்லவில்லை. பாஸ்தியன் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொடுகிறான், பேசுவதில்லை. சொன்னால் ஊர் கொதிக்கும், ஊர் கொதித்தால் நீதிபதி பிளேஸை மறுபடி பிடிப்பார், இதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. பாதி உண்மை. மற்றப் பாதி, உபதேசியார் என்று கூப்பிடும்போது அவர்கள் குரலில் இருக்கும் மரியாதை போய்விடுமே என்பது. நேற்றுச் சாயங்காலம் பிளேஸ் மறுபடியும் அந்த ஒரு வரியைப் பற்றிப் பெருமையாக ஆரம்பித்தபோது தாங்க முடியாமல் அவனிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்ப என்னைய வெளிய விட்டதுக்கு நீங்க குடுத்தது உங்களோடது இல்லையேப்பா, அவங்களோடதுல்ல என்றான்.

இன்று பூசையில் குருத்தோலை வாங்கியதும் அவன் வீட்டுக்கு வரவில்லை. ஊரின் மேற்குக் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அம்மா ஓடிவந்து சொன்னாள். போய்த் தடுங்க, நீதிபதி காதுக்குப் போனா பிள்ளையை மறுபடி பிடிச்சுட்டுப் போயிருவாங்க என்று அழுதாள். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை அவனைக் காப்பாற்றியதே போதும். கதவுகள் திறக்கிற சத்தம் இங்கே கேட்கிறது, நாய்கள் குரைக்கின்றன. இந்த இடம் வரை எழுதியிருக்கிறேன், வாசலில் ஆட்கள் வருகிறார்கள், மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

பெர்ரின், மீதியை இப்போது அவர்கள் எதிரிலேயே எழுதுகிறேன். வந்தது தெனீஸ், அவள் பின்னால் பாஸ்தியன், ஃபிர்மன், வாசலை அடைத்துக்கொண்டு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், பிளேஸும். நான் எழுந்து நின்று மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அதைப் பத்தி இப்பக் கேக்காதீரு, எனக்கே தெரியல என்றாள் தெனீஸ். அடுப்பருகே சட்டியில் மிச்சமிருந்த மூன்று முட்டையைப் பார்த்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு மேசையைக் காட்டி, என்ன எழுதுறீரு என்றாள். மகளுக்குக் கடிதம் என்றேன். அவ அங்க அச்சுப் போடுற எடத்துலதானே இருக்கா, அதுலயே எழுதும், இப்ப எழுதும் என்றாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது. ஊரார் பணிந்து வேண்டிக்கொள்வது என்று தொடங்கினேன், பழக்கம். படிடா என்று பிளேஸிடம் சொன்னாள், அவன் எழுதியதை எழுதியபடி படித்தான். கெஞ்சலை அடிச்சிடும், நான் கெஞ்சல, கேக்குறேன் என்றாள். அடித்துவிட்டு எழுதியது இதுதான்:

எங்கள் நிலத்தில் எங்கள் விதையை நாங்கள் காப்பாற்றிக்கொள்வது குற்றம் அல்ல. விதைக்கும் காலத்தில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும். எங்கள் பெயரில் எழுதுவது எதுவானாலும் எழுதியபடி எங்களுக்குத் தெரிய வேண்டும்.

கடைசி வாக்கியம் பாஸ்தியன் சேர்த்தது. கோடு போட இறகைக் கேட்பாள் என்று நீட்டினேன். தெனீஸ் வாங்கவில்லை. மேல என்னமோ நிறைய எழுதியிருக்கே, அதையும் படி, எதுக்குக் கீழ போடுறேன்னு தெரிஞ்சுதான் இந்தத் தடவை போடுவேன் என்றாள். அது என் மகளுக்கு என்று சொல்ல வாயெடுத்தவன், எல்லாத் தாளையும் பிளேஸிடம் கொடுத்தேன். பிளேஸ் முதல் வரியிலிருந்து படித்தான். உன் அம்மாவின் இருமல், ஆடு, உன் சிறுநூல், நீதிபதி வாங்கி வைத்த மெழுகுத்திரி, பாசி, முட்டை, நல்ல மனுஷன் என்று என்னை நானே சொல்லிக்கொண்டது, எல்லாவற்றையும் என் வீட்டில், என் மகன் குரலில், அவர்கள் கேட்க நானும் நின்று கேட்டேன். தன்னைப் பற்றி வந்த இடங்களில் அவன் குரல் உடைந்தது, ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. முடிந்ததும் தெனீஸ் இறகை வாங்கிக்கொண்டாள்.

தாளில் இடம் இல்லாததால் ஐந்து கோட்டோடு நிறுத்த வேண்டியதாயிற்று, மற்றவர்கள் அதற்கும் என் மேல் கோபித்துக்கொண்டு போனார்கள். கீழே இருக்கும் அந்தக் கோடுகளை மைக்கறை என்று நினைத்துவிடாதே. இதை யாரிடம் காட்ட வேண்டுமோ அவர்களிடம் காட்டு, அச்சுப் போட முடிந்தால் போடு, என் பகுதியையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள். நாளைக்குக் காவலாள் வருவானா என்று தெரியாது. வந்தால் தன் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று ஃபிர்மன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஆண்டவரும் மாதாவும் உனக்குத் துணையிருந்து, கண்ணையும் கையையும் காக்கட்டும். பாஸ்காவுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய மறந்துவிடாதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. என் கையெழுத்தை எல்லாருக்கும் கீழே போடச் சொன்னார்கள், போடுகிறேன்.

+ தெனீஸ்   + பாஸ்தியன்   + ஃபிர்மன்   + லுபேன்   + ஒனொரே

உன் அப்பா,
ஆன்செல்ம் ரூவேர்

மேலே உள்ளது முழுவதையும், அவர்கள் போன பிறகு எழுதியதையும் சேர்த்து, கோடு போட்டவர்களுக்கு எழுதியபடி படித்துக் காட்டினேன். பிளேஸ்.